சேவற்கொண்டையும் முகப்பொலிவும்

சேலத்தினின்று நாமக்கல்லை நோக்கிச் செல்லும் பெருவழியில் ராசிபுரம் கடந்து புதுச்சத்திரத்தை அணுகுங்கால், சாலையின் இருமருங்கும் நீண்ட கோழிக் கொட்டகைகள் வரிசை வரிசையாக நிற்கக் காணலாம். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளை நாட்டின் பல திசைகட்கும் அனுப்பும் ஜில்லா இது. கொட்டகைகளில் வாழ்வன பெரும்பாலும் வெள்ளை லெகார்ன் வழிவந்த முட்டைக் கோழிகள். அவற்றின் தலைமேல் செந்நிறக் கொண்டை ஒருபுறம் சரிந்து தொங்கும். அவ்வினத்துச் சேவலுக்கோ அது மணிமுடிபோல் நிமிர்ந்து நிற்கும். எலும்பொன்றும் இன்றி அக்கொண்டை நிமிர்ந்து நிற்பது எங்ஙனம் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அவ்வினாவின் விடையும், இன்று நகரங்களில் பெருவழக்காகிவரும் முகநிரப்பு ஊசியின் சூட்சுமமும் ஒன்றே என்றால், அன்பர்கள் வியப்படையக்கூடும்.

இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன். திருமணம் நிச்சயிக்கப்பெற்றிருந்த என் பழைய மாணாக்கி ஒருத்தி ஒருநாள் மாலை ஆய்வுக்கூடத்திற்கு வந்தாள். மணமகன் வீட்டுப் பெரியவள் ஒருத்தி, “பெண் எல்லாம் சரிதான், கன்னந்தான் ஒட்டிக் கிடக்கிறது” என்று சொல்லிவிட்டாளாம். நகரத்து அழகு நிலையம் ஒன்றில், இரண்டே ஊசியில் கன்னத்தை நிமிர்த்திவிடலாம் என்று உறுதி கூறினார்களாம். “ஐயா, எனக்கு இரசாயனம் கற்பித்தவர் தாங்கள். அவர்கள் ஊசியில் ஏற்றுவது என்ன பொருள்? பத்தாண்டு கழித்து அது என் முகத்தில் என்ன செய்துகொண்டிருக்கும்?” என்று வினவினாள். நல்ல வினா. விளம்பரப் பலகைகள் இவ்வினாவை எழுப்புவதே இல்லை. அன்று அவளுக்குச் சொன்னவற்றையும், பின்னர்ப் படித்துத் தெளிந்தவற்றையும் ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன். நான் வைத்தியன் அல்லேன். ஆதலின், பொருளின் இயல்பைக் கூறுவேனேயன்றிச் சிகிச்சை கூறப் புகேன்.

முகம் குழிவது ஏன்?

முகமென்பது தோல் மட்டுமன்று. அடியில் எலும்பு, எலும்பின்மேல் தசை, தசைக்கு மேலும் கீழும் கொழுப்பு, அனைத்தையும் போர்த்த தோல். கட்டிலும் மெத்தையும் விரிப்பும் போல இவை அமைந்துள்ளன. விரிப்பிலே சுருக்கம் கண்டால் விரிப்பையே குறைகூறுதல் நம் வழக்கம். உண்மையில் மெத்தையின் பஞ்சு குறைந்திருக்கலாம். கட்டிலின் சட்டமும் தேய்ந்திருக்கலாம். முகத்துக் கொழுப்பு ஒரே படலமாக இல்லாமல், தனித்தனி அறைகளாகப் பிரிந்து கிடக்கின்றது என்பதை 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரத்து அறுவை வைத்தியர்களாகிய ரோரிக், பெஸ்ஸா என்போர் விளக்கிக் காட்டினர். வயது ஏறுந்தோறும் சில அறைகள் மெலிகின்றன, சில சரிகின்றன. கண்குழியைச் சூழ்ந்த எலும்பும் தாடையெலும்பும் சிறிது தேய்கின்றன. இதனாலேயே கன்னம் தாழ்ந்து, மூக்கின் ஓரத்தினின்று வாயை நோக்கி ஒரு பள்ளக்கோடு விழுகின்றது. இளையோர்க்குக் கன்னம் ஒட்டியிருத்தல் பெரும்பாலும் குலவாகு. சிற்சிலர்க்கு நோயின் விளைவு.

இவ்விடத்தே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். முகத்தில் இடும் ஊசியெல்லாம் ஒன்றென்று பலர் கருதுகின்றனர். ‘போடாக்ஸ்’ என்பது ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சினை மிகச் சிறிய அளவில் செலுத்தித் தசையைத் தற்காலிகமாகத் தளரச் செய்வது; நெற்றியைச் சுருக்குந்தோறும் விழும் கோடுகளுக்கு அது பயன்படும். ‘பில்லர்’ எனப்படும் நிரப்பூசியோ தசையைத் தொடுவதில்லை. குழிந்த இடத்தில் ஒரு பொருளை வைத்து அவ்விடத்தை உயர்த்துவதே அதன் தொழில். முன்னது கயிற்றைத் தளர்த்துவது. பின்னது மெத்தைக்குப் பஞ்சு இடுவது. நாம் பேசப்புகுந்தது பின்னதைப் பற்றியே.

கொண்டையில் உறையும் பொருள்

1934-ஆம் ஆண்டு, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் இருவர், மாட்டுக் கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் பளிங்கு போன்ற குழைமத்தை ஆராய்ந்து, அதனின்று ஒரு புதுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு அதன் இரசாயனப் பெயரையும் சேர்த்து ‘ஹையலூரானிக் அமிலம்’ என்று பெயரிட்டனர். அமிலமென்றதும் அஞ்சவேண்டா, அது சர்க்கரை இனத்தைச் சேர்ந்த இருவகை அலகுகள் மாறிமாறிக் கோத்த நெடுஞ்சங்கிலியே. நீரை ஈர்த்துத் தன்னிடத்தே பிடித்து வைத்தல் அதன் தலையாய குணம். சேவலின் கொண்டை எலும்பின்றியும் விறைத்து நிற்பதற்குக் காரணம், அதன் உள்ளே செறிந்த இப்பொருள் நீரைப் பிடித்துக்கொண்டு பொம்மிக் கிடப்பதேயாம்.

இது கோழிக்கே உரியதன்று. எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதனின் சரீரத்தில் ஏறக்குறைய 15 கிராம் ஹையலூரானிக் அமிலம் உண்டு; அதில் ஏறத்தாழப் பாதி தோலிலேயே இருக்கின்றது. முழங்கால் மூட்டின் வழுவழுப்பிலும், கண்ணின் உட்குழைமத்திலும், நாம் அன்றாடம் உடைக்கும் முட்டையோட்டின் உட்புறம் ஒட்டிய மெல்லிய சவ்விலும் இது உண்டு. மனிதனுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் நுண்ணுயிர்க்கும் இதன் இரசாயன அமைப்பு ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, தூய்மைப்படுத்திய நிலையில் இதனைச் சரீரம் அயலதென்று கருதி எதிர்ப்பது அரிது.

இப்பொருளை மருத்துவத்திற்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஷ். ரொட்டி பணியாரங்களில் முட்டையின் வெள்ளைக்கருவுக்கு ஈடாக இதனைப் பயன்படுத்தலாமென்று 1942-இல் அவர் உரிமை கோரி விண்ணப்பித்தார் என்பர். நாமக்கல் அன்பர்கள் இதனைக் கேட்டு நகைக்கலாம்! பின்னர் அவரே சேவற்கொண்டையினின்று மிகத் தூய நிலையில் இதனைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டு, 1979-இல் அமெரிக்காவில் அதற்கு உரிமை பெற்றார். அத்தூய பொருள் முதலில் கண் அறுவைச் சிகிச்சைக்கும், பின்னர் முழங்கால் நோய்க்கும் உதவிற்று. முகப்பொலிவு அதன் கடைசிப் பயனேயன்றி முதற்பயன் அன்று.

எனினும், தூய ஹையலூரானிக் அமிலத்தை அப்படியே கன்னத்தில் செலுத்தினால் சில நாட்களுக்குள் அது கரைந்து மறைந்துவிடும். நம் சரீரத்தில் உள்ள இப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து மீண்டும் புதிதாக உண்டாகின்றது என்றால், புறத்தேயிருந்து வந்தது எத்தனை நாள் நிற்கும்? ஆதலின் சங்கிலிகளை ஒன்றோடொன்று இடையிடையே பிணைத்து வலைபோல் ஆக்குகின்றனர். இதனை விளக்கச் சேலத்தாருக்கு வேறு உவமை வேண்டா. மரவள்ளி மாவும் குளுகோஸ் சர்க்கரையால் ஆன சங்கிலியே. அம்மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கஞ்சியாகி ஓடும். அதனையே மணியாகத் திரட்டிப் பதமாக வறுத்து ஜவ்வரிசியாக்கினால், பாயசத்தில் கிடந்து நீரை உண்டு கண்ணாடிபோல் தெளிந்தாலும் தன் உருவத்தை விடாது. கஞ்சிக்கும் ஜவ்வரிசிக்கும் உள்ள வேற்றுமையே தூய அமிலத்திற்கும் நிரப்பூசிக் குழைமத்திற்கும் உள்ளது. ஜவ்வரிசியில் வெப்பம் செய்யும் தொழிலை ஈண்டு ஓர் இரசாயனப் பிணைப்பி செய்கின்றது, வேற்றுமை அவ்வளவே. 1943 முதல் ஜவ்வரிசி செய்துவரும் ஊரார்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இன்று விற்பனையாகும் குழைமங்களுக்குப் பெரும்பாலும் சேவற்கொண்டையை நாடுவதில்லை. குதிரையினத்தைச் சார்ந்து வாழும் ஒருவகை நுண்ணுயிரைச் சர்க்கரை முதலிய உணவிட்டு வளர்த்து, அது சுரப்பதைத் தூய்மை செய்து எடுக்கின்றனர். இம்முறையில் சுவீடன் தேசத்தில் செய்யப்பெற்ற ‘ரெஸ்டிலேன்’ 1996-இல் ஐரோப்பாவிலும், 2003-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஒரு மில்லிலிட்டர் குழைமத்தில் அமிலத்தின் அளவு 20 மில்லிகிராம். எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் நீரே. ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கும் ஓர் ஊசிக்குள் இருப்பது, பிணைத்து வைத்த நீர் என்று சொன்னால் மிகையாகாது.

நிலைபேற்றை நாடியோர் பட்ட பாடு

இக்குழைமம் ஆறு திங்கள் முதல் ஒன்றரை ஆண்டளவில் பெரும்பாலும் கரைந்து தேய்ந்துவிடுகின்றது. சிலர்க்கு அதன் எச்சம் இரண்டாண்டு கடந்தும் காந்தப் படத்தில் தோன்றுவதுண்டு. “இத்துணைப் பொருள் செலவிட்டும் நிலைக்கவில்லையே” என்று வருந்துவோர் பலர். என் மாணாக்கியும் அவ்வாறே எண்ணினாள். ஆயின் நிரப்பூசியின் வரலாற்றைப் படிப்போர்க்கு, நிலையாமையே அதன் தலைசிறந்த நற்குணம் என்பது புலனாகும்.

1893-இல் ஜெர்மனியில் நாய்பர் என்னும் அறுவை வைத்தியர், நோயாளியின் கையினின்றே சிறிது கொழுப்பை எடுத்து முகத்துத் தழும்பின் குழியை நிரப்பினார். சொந்தச் சரீரத்தின் பொருளாதலின் அது பொருந்தியது. ஆனால் எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. என்றும் கரையாத பொருள் ஒன்று வேண்டுமென்று தேடத் தொடங்கினர். 1899-இல் வியன்னாவில் கெர்சூனி என்பார் பாரபின் மெழுகினத்தை உருக்கி ஊசிவழியே செலுத்தும் முறையைக் கண்டார். மலிவானது, எளியது, உடனே உருவம் தருவது. சில ஆண்டுகளில் ஐரோப்பா எங்கும் தட்டையான மூக்குகளும் குழிந்த கன்னங்களும் மெழுகால் நிரப்பப்பெற்றன.

பின்னர் நேர்ந்தது யாது? மெழுகு கரையவில்லை; ஆயின் இருந்த இடத்தில் இருக்கவுமில்லை. சரீரம் அதனை அயற்பொருளென்று கண்டு, சுற்றிலும் கடினமான கட்டிகளை எழுப்பிற்று. அக்கட்டிகளுக்குப் ‘பாரபினோமா’ என்று பெயரே தோன்றிவிட்டது. சிலருக்கு மெழுகு இரத்தக்குழாயிற் புகுந்து கண்பார்வையைக் கவர்ந்தது. அந்நாளில் ஐரோப்பாவின் பேரழகிகளுள் ஒருவராகப் போற்றப்பெற்றுப் பிற்காலத்தில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன் என்பார், இருபத்திரண்டாம் வயதில் தம் மூக்கின் கோட்டினை மேலும் நேராக்க விரும்பி மெழுகேற்றிக்கொண்டார். மெழுகு கீழிறங்கித் தாடைவரை சென்று, அவ்வழகிய முகத்தையே கெடுத்துவிட்டது. இருந்த அழகுக்கு மேல் அழகு தேடியவர், இருந்ததையும் இழந்தார்.

மெழுகின் கதை முடிந்தபின் சிலிகோன் எண்ணெய் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும், பின்னர் அமெரிக்காவிலும் அதனைச் சரீரத்தில் ஏற்றினர். அதுவும் கரையாதது, அதுவும் இடம்பெயர்ந்து கட்டிகளையும் புண்களையும் விளைத்தது. முகத்தையோ உடலையோ உருத்திருத்தத் திரவச் சிலிகோனை ஊசிவழிச் செலுத்துதலை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையத்தார் இன்றளவும் அனுமதிக்கவில்லை. 1981-இல் மாட்டுத்தோலினின்று எடுத்த ‘கொலாஜன்’ என்னும் புரதம் அனுமதி பெற்றது. அது சில திங்களில் கரைவது. ஆயின் நூற்றுக்கு மூவரளவில் ஒவ்வாமை கண்டமையால், முன்னதாகக் கையில் சோதனை ஊசியிட்டுப் பல வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றின் படிப்பினை ஒன்றே. முகம் நாள்தோறும் மாறுவது. எலும்பு தேயும், கொழுப்பு சரியும், தோல் தளரும். மாறும் பொருளுக்குள் மாறாப் பொருளைப் புதைத்தால், இருபதாம் வயதில் பொருந்தியது நாற்பதாம் வயதில் பொருந்தாது. வளரும் குழந்தைக்கு இரும்பாற் சட்டை தைப்பது போன்றது அது.

கையும் குழாயும்

பொருள் நல்லதாயின் போதுமா? போதாது. முகத்தைப் போல் இரத்தக்குழாய்கள் பின்னிக்கிடக்கும் இடம் சரீரத்தில் வேறு சிலவே. மூக்கின் அடியிலும், புருவங்களின் நடுவிலும் ஓடும் நுண்ணிய நாடிகள், கண்ணுக்கு இரத்தம் கொணரும் நாடியோடு தொடர்புடையன. ஊசிமுனை தவறி நாடிக்குள் புகுந்து, அழுத்தத்தோடு குழைமம் செலுத்தப்பெறின், அது இரத்த ஓட்டத்திற்கு எதிராகப் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கண்ணாடியை அடைந்து, அழுத்தம் நின்றவுடன் ஓட்டத்தோடு விழித்திரைக்குச் சென்று அடைத்துக்கொள்ளும். இரத்தமின்றி விழித்திரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே தாங்கும். அதன்பின் இழந்த பார்வை மீள்வது அரிது. 2015-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், உலகெங்கும் அதுவரை ஏடுகளில் பதிவான இத்தகைய பார்வைக்கேடுகள் 98 எனத் தொகுத்துக் காட்டினர். அவற்றுள் மிகுதியானவை புருவ நடுவிலும், அடுத்தபடி மூக்கிலும் இட்ட ஊசிகளால் நேர்ந்தவை. பல இலட்சம் ஊசிகளுள் இது மிக அரிய கேடே. ஆயினும் கண்ணை இழந்தவருக்கு அக்கணக்கினால் ஆறுதல் யாது?

இங்கேதான் ஹையலூரானிக் அமிலத்தின் இரண்டாவது நற்குணம் புலப்படுகின்றது: வேண்டாதபோது அதனைக் கரைத்து நீக்கலாம். 1928-இல் டூரான்-ரெனால்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், விலங்குச் சாறு ஒன்றைக் கலந்து செலுத்தினால் மருந்து தோலில் விரைந்து பரவுவதைக் கண்டார். பின்னர்ப் பெனிசிலின் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற எர்னஸ்ட் செயினும் அவர்தம் துணைவர் டூதியும், அப்பரவலை விளைப்பது ஹையலூரானிக் அமிலத்தை வெட்டிச் சிதைக்கும் ஒரு நொதியே என்று 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவாக்கினர். பாம்பின் நஞ்சிலும் தேனீயின் நஞ்சிலும் இந்நொதி உண்டு. நஞ்சு சரீரத்தில் விரைந்து பரவுவதற்கு அது வழி திறக்கின்றது. நஞ்சுக்குத் துணைபோவதே நிரப்பூசிக்கு மாற்றுமருந்தாக அமைந்தது இயற்கையின் விந்தை! ‘ஹையலூரானிடேஸ்’ என்னும் இந்நொதியை உடனே செலுத்தினால், நாடியை அடைத்த குழைமத்தைக் கரைத்துத் தோலைக் காக்கலாம். கண் பாதிக்கப்பட்டவிடத்து இதன் பயன் உறுதியன்று. எலும்பின் கனிமமாகிய கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட், பாலி லாக்டிக் அமிலம் ஆகியவற்றால் ஆன நிரப்பூசிகளும் உள்ளன. தக்கவர் கையில் அவையும் பயன் தருவனவே. ஆயின் அவற்றைக் கரைக்கும் நொதி இல்லை.

ஊசியிட்ட இடத்தில் சிறிது வீக்கமும் கன்றிய நிறமும் சில நாள் இருத்தல் இயல்பு. பொறுக்கலாகா வலி, தோல் வெளிறுதல், வலைபோல் ஊதா நிறம் படர்தல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், ஒரு கணமும் தாழ்க்காது வைத்தியரை அடைதல் வேண்டும். ஊசியில்லாமலே காற்றழுத்தத்தால் குழைமத்தை ஏற்றும் பேனா போன்ற கருவிகளை வலைச்சந்தையில் வாங்கி வீட்டிலேயே பயன்படுத்துவோரும் உளர். அவற்றைப் பயன்படுத்தலாகாதென அமெரிக்க நிலையத்தார் 2021-இல் எச்சரித்தனர்.

யாருக்கு உண்மையில் வேண்டும்?

இதுகாறும் கூறியவற்றால், முகம் திருத்துதல் என்பதே வீண் ஆடம்பரம் என்று அன்பர்கள் முடிவு கட்டிவிடலாகாது. நாமக்கல்லினின்று கிழக்கே நோக்கினால் கொல்லிமலை தோன்றும். அம்மலையில் ஊழியம் புரிந்த மிஷனரித் தம்பதிகளாகிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்போருக்கு 1914-இல் பிறந்த மைந்தரே டாக்டர் பால் பிராண்ட். அவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகிகளின் மடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்திப் புகழ்பெற்றார். ஆயின் கை நிமிர்ந்தும் அவர்களுக்கு வேலை கிட்டவில்லை. நோய் முற்றும் நீங்கியிருந்தும், அமிழ்ந்த மூக்கும் உதிர்ந்த புருவமும் கண்டு ஊரார் விலகினர். அதனை உணர்ந்து அவரும் அவர் தோழரும் மூக்கை உயர்த்தவும், தலைத்தோலினின்று புருவம் அமைக்கவும் முற்பட்டனர். உலகம் முதலிற் காண்பது முகத்தையே. அதனைத் திருத்தாமல் கையை மட்டும் திருத்தினால், மனிதன் பாதி குணமடைந்தவனே ஆவான் என்பதை நம் மலையில் வளர்ந்த அவர் நன்கறிந்திருந்தார்.

இதே துயரம் நம் சமவெளியில் மற்றோர் உருவில் வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில் டாக்டர் சுநீதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் முதன்முதல் கண்டறியப்பட்டது. லாரித் தொழிலுக்குப் பேர்பெற்ற நாமக்கல் வட்டாரம், 1990-களிலும் 2000-த்தின் தொடக்கத்திலும் இந்நோய் மிகுந்த பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. வண்டியோட்டிப் பிழைத்தவரும், யாதொரு பாவமும் அறியாது இல்லத்திருந்த மனைவியரும் இதற்கு இரையாயினர். 2004 ஏப்ரல் முதல் தேதி அரசினர் இலவச மருந்து வழங்கத் தொடங்கினர். உயிர்கள் பிழைத்தன. ஆயின் அந்நாளில் வழங்கிய மருந்துகளுள் ஒன்றாகிய ஸ்டாவுடின், பலருக்குக் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்டிப்போகச் செய்தது. நோயை மறைத்து உழைத்து வாழ விரும்பியவரை, அவர் முகமே காட்டிக்கொடுத்தது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2009-இல் அம்மருந்தைக் கைவிடுமாறு அறிவுறுத்திற்று. பின்னர் இங்கும் அது நீக்கப்பட்டது. ஆயினும் கரைந்த கொழுப்பு முழுதும் திரும்பி வருவது அரிது.

அமெரிக்காவில் பாலி லாக்டிக் அமில நிரப்பூசிக்கு 2004-இல் அனுமதி வழங்கியது சுருக்கங்களுக்காக அன்று. இத்தகையோரின் குழிந்த கன்னங்களுக்காகவே. 2010-இல் அந்நாட்டு அரசினரின் மெடிகேர் காப்புறுதி, இதனால் மனச்சோர்வுற்றோர்க்கு ஊசிச் செலவை ஏற்க முன்வந்தது. முகத்தைத் திரும்ப அளித்தல் ஆடம்பரம் அன்று, சிகிச்சையின் பகுதியே என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது இது. விபத்தின் தழும்பு, பிறவிக் குறை, நோயின் குழிவு ஆகியவற்றை உடையோர் இவ்வூசியை நாடினால், அவர்களை நகைப்பது கற்றார்க்கு அழகன்று.

கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

என் மாணாக்கிக்கு நான் விடை கூறவில்லை. மூன்று கேள்விகளையே எழுதிக் கொடுத்தேன். முதலாவது: செலுத்தும் பொருள் யாது? உறை பிரியாத பெட்டியைக் கண்ணாற் கண்டு, பொருளின் பெயரையும், செய்தவர் பெயரையும், தொகுதி எண்ணையும், காலாவதி நாளையும் குறித்துக்கொள்ள இசைவார்களா? இரண்டாவது: செலுத்துபவர் யார்? தோல் வைத்தியத்திலோ ஒட்டறுவையிலோ பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரா, அன்றிச் சில நாள் பயிற்சி பெற்றவரா? மூன்றாவது: தவறு நேர்ந்தால் என் செய்வர்? கரைக்கும் நொதி அவ்வறையிலேயே ஆயத்தமாக இருக்கின்றதா? கருவுற்றிருப்போரும், முகத்தில் சீழ்ப்பரு உடையோரும், மரத்துப்போகச் செய்யும் மருந்து ஒவ்வாதோரும் இதனை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பதையும் உடன் குறித்தேன்.

ஒரு வாரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். “ஐயா, முதற் கேள்விக்கே அவர்கள் சினந்துவிட்டார்கள். பெட்டியைக் காட்டமாட்டார்களாம்” என்று கூறி நகைத்தாள். கன்னம் எப்படியிருந்ததோ அப்படியே மணவறை ஏறினாள். சென்ற பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு கலாசாலைக்கு வந்தபோது அவள் கன்னத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. குழந்தையின் கன்னத்தையே அனைவரும் கிள்ளினர். அக்கேள்விகளுக்கு நேரிய விடை கிட்டியிருந்து அவள் ஊசியை ஏற்றிருப்பினும், நான் அவளைக் குறை கூறியிரேன். அது அவள் முகம். விளம்பரம் சொல்லியோ, பிறர் வாய்க்கு அஞ்சியோ அன்றி, அறிந்து செய்தலே வேண்டுவது.

அடுத்தமுறை அப்பெருவழியே செல்லும் அன்பர்கள், எங்கேனும் ஒரு வீட்டு முற்றத்தில் சேவல் ஒன்று கொண்டையை நிமிர்த்தி நிற்பதைக் கண்டால், சற்றே நின்று நோக்குக. அதனை நிமிர்த்தி வைப்பது சிறிது சர்க்கரையும் நிறைந்த நீரும் அன்றி வேறில்லை. அதுவும் நாள்தோறும் கரைகின்றது. நாள்தோறும் புதிதாக ஊறுகின்றது. சேவல் அதைப்பற்றிக் கவலையுறுவதாகத் தெரியவில்லை.